மடைநாட்டின் தோள் பதிவேடு

மடைநாடு என்று ஒரு நாடு. வரைபடத்தை நாலாக மடித்தால் மடிப்புக்குள் மறைந்துவிடும், அவ்வளவுதான் அதன் அகலம். மேற்கே ஒரு பெரிய ஏரி, ஏரிக்கு ஒரே ஒரு மதகு. மதகிலிருந்து கிளம்புகிற வாய்க்கால் நாட்டை நெடுக ஓடி, கிழக்கே கடைமடை என்ற ஊரில் முடிந்துபோகும். ஏரிக்கரையை ஒட்டிய தலைமடைக்கு மதகு மூடிக் கிடந்தாலும் கவலையில்லை, கசிவு நீரே வயலுக்குப் போதும். கடைமடைக்கு மதகு திறந்தால்தான் தண்ணீர். இந்த ஒரு விஷயத்தைத் தவிர மடைநாட்டில் அரசியல் என்று வேறெதுவும் கிடையாது. இந்த ஒன்றை மட்டுமே வைத்துக்கொண்டு அந்த நாட்டு மக்கள் முந்நூறு வருடமாக ஓய்வில்லாமல் அரசியல் செய்துவந்தார்கள்.

மதகைக் காலத்தில் திறந்துவிட வேண்டும் என்பது ஒரு கொள்கை. மூடிவைத்துச் சேமிக்க வேண்டும் என்பது மற்றொரு கொள்கை. ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் அவர் கொள்கை தெரிந்துவிட வேண்டும் என்று முன்னோர்கள் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார்கள். பதினெட்டு வயதானதும், ஆணானாலும் பெண்ணானாலும், பதிவகத்துக்கு வந்து தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இடது தோளில் போட்டால் திறப்பவர், வலது தோளில் போட்டால் மூடுபவர். கணக்கர் அதைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி, கையில் ஒரு சீட்டும் கொடுப்பார். அதன்பிறகு ஆயுள் முழுக்க அதுதான் அவர் கொள்கை. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் துண்டைத்தான் பார்ப்பார்கள். டீக்கடையில்கூட இரண்டு பெஞ்சுகள் இருந்தன.

அந்தப் பதிவேட்டை எழுதுகிற உத்தியோகம் என்னுடையது. பெயர் ஏகாம்பரம், பதவி தோள் கணக்கர், முப்பது வருட சர்வீஸ். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நாடே சொல்லும். நாடு சொல்லாத நேரத்தில் நானே சொல்லிக்கொள்வேன். கணக்கர் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பது விதி. அதனால் என் துண்டு எந்தத் தோளிலும் இல்லாமல் கழுத்தைச் சுற்றித்தான் கிடக்கும். வெயில் காலத்தில் அது என்னைப் படுத்திய பாட்டுக்கு நடுநிலைமை என்று பெயர்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வரும். கட்சிகள் இரண்டு. உரல் கட்சியின் கொள்கை திறப்பது, முறம் கட்சியின் கொள்கை மூடுவது. ஆகவே இடத்தோள் மக்கள் உரலுக்கும் வலத்தோள் மக்கள் முறத்துக்கும் முத்திரை குத்துவார்கள் என்றுதான் வெளிநாட்டுக்காரன் எவனும் நினைப்பான். மடைநாட்டுக்காரன் அப்படி நினைக்க மாட்டான். தலைமடையில் ஒரு தெரு முழுக்க முறத்துக்குப் போடும். காரணம், உரல் வேட்பாளர் அந்தத் தெருவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் கட்டிக்கொண்டார். கடைமடை முழுக்க உரலுக்குப் போடும். அங்கே சன்னாசி என்று உரல் கட்சிக்காரர் ஒருவர் உண்டு. எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். துண்டு எந்தத் தோளில் கிடந்தாலும் முத்திரை குத்துகிற கை தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நானும் ஆறு தேர்தலிலும் உரலுக்குத்தான் குத்தினேன். முதல் தேர்தலின்போது வாக்குச்சாவடி வாசலில் உரல் வேட்பாளர் வீரகேசரியார் என்னைப் பார்த்து, "நம்ம கணக்கர் கையெழுத்து மாதிரி வருமா?" என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னார். இருபத்தைந்து வருடமாக என்னுடைய அரசியல் சித்தாந்தம் அந்த ஒரு வாக்கியம்தான். வீட்டில் மட்டும், உரலின் நீர்ப்பங்கீட்டுப் பார்வையில் ஒரு தொலைநோக்கு இருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தேன்.

யார் ஆண்டாலும் ஆடிப் பதினெட்டில் மதகு திறந்துவிடும். உரல் ஆட்சி என்றால் கொள்கைக்காகத் திறக்கும். முறம் ஆட்சி என்றால் பண்டிகைக்காகத் திறக்கும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லாமல் அரசியல் நடந்துகொண்டிருந்தது. நஷ்டம் வந்தது, ஆட்சியாளர்கள் புள்ளிவிவரம் பார்க்க ஆரம்பித்த வருடத்தில்.

அந்த வருடம் உரல் கட்சி மூன்றாவது முறையாக ஜெயித்தது. வீரகேசரியார் மகாமந்திரி ஆனார். தான் ஏன் ஜெயித்தோம் என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை வந்து, பண்டிதர் மெய்யறிவாரை நியமித்தார். மெய்யறிவார் என் பதிவேட்டையும் ஊர்வாரியான தேர்தல் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று மாதம் பார்த்தார். பிறகு மகாசபையில் எழுந்து நின்றார்.

"மகாமந்திரி அவர்களே, நாட்டில் மூன்றில் இரண்டு பேர் வலத்தோளினர், மூடுபவர்கள். கடைமடையில் பத்துக்கு ஒன்பது பேர் மூடுபவர்கள். ஆனால் அவர்கள் அனைவரும் திறப்பதாகச் சொன்ன தங்களுக்கே வாக்களித்திருக்கிறார்கள்."

"அப்படியென்றால் என்ன பொருள்?"

"மக்கள் தேர்ந்தெடுத்தது தங்களை. விரும்புவது முறத்தின் கொள்கையை. ஆகவே தாங்கள் ஆட்சியில் இருந்துகொண்டு முறத்தின் கொள்கையை நிறைவேற்றுவதே உண்மையான மக்களாட்சி. இன்னொன்றும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் இடத்தோளினர், அவர்களுடைய பிள்ளைகள் வலத்தோளினர். தலைமுறைகளுக்கு இடையே இவ்வளவு ஆழமான சித்தாந்தப் பிளவு வேறெந்த நாட்டிலும் கிடையாது. இதைப் பற்றி அறுநூறு பக்கத்தில் ஒரு நூல் எழுதியிருக்கிறேன்."

சபை மேசையைத் தட்டி வரவேற்றது. நானும் தட்டினேன். என் பதிவேட்டிலிருந்து ஒரு நூல் பிறந்திருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

முதல் ஆணை வந்தது. மக்களின் ஆழ்மன விருப்பத்துக்கு மதிப்பளித்து ஆடிப் பதினெட்டில் மதகு திறக்கப்படாது.

கடைமடைக்காரர்கள் காலிக் குடங்களோடு கோட்டை வாசலுக்கு வந்தார்கள். மகாமந்திரி உப்பரிகையில் தோன்றி மிகுந்த கனிவோடு பேசினார். "உங்கள் தாகம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது உங்கள் கொள்கைக்கு முரணானது. கொள்கை பெரிதா, தாகம் பெரிதா என்று உங்கள் மனசாட்சியையே கேட்டுப் பாருங்கள்." கூட்டத்தில் பாதிப்பேர் உண்மையாகவே கேட்டுப் பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். மீதிப்பேருக்காக இரண்டாவது ஆணை வந்தது. தண்ணீர் கேட்டு மனு கொடுக்கிறவர்கள் இடத்தோள் சீட்டை இணைக்க வேண்டும். வலத்தோள் சீட்டோடு வருகிற மனு மனுதாரரின் சொந்தக் கருத்துக்கே எதிரானது என்பதால் அவருடைய நன்மைக்காகவே கிழிக்கப்படும். தேர்தலே இனிமேல் தேவையில்லை என்றது மூன்றாவது ஆணை. "வாக்கு ஒரு நாள் சபலம். தோள் ஆயுள் காலக் குணம். பதிவேட்டை எண்ணினால் போதும்" என்று மெய்யறிவார் அதற்கு விளக்கவுரை எழுதினார்.

முறம் கட்சிக்குத் தர்மசங்கடம். அதன் கொள்கையை ஆளுங்கட்சி எடுத்துக்கொண்டுவிட்டது. எதிர்க்கட்சி என்றால் எதிர்த்தாக வேண்டும். அதனால் ஒரே வாரத்தில் முறம் கட்சி "மதகைத் திற" என்று போராட்டம் ஆரம்பித்தது. முந்நூறு வருடம் மூடு மூடு என்று சொல்லிவந்த தலைமடைக்காரர்கள், துண்டை இம்மியும் நகர்த்தாமல், கசிவு நீரில் காலை நனைத்துக்கொண்டே திற திற என்று கத்தினார்கள். உரல் கட்சித் தொண்டர்கள் அதே வேகத்தில், மூடுவதில் உள்ள நன்மைகளை டீக்கடை டீக்கடையாக விளக்கினார்கள். ஒருவர் குரலிலும் தயக்கம் இருக்கவில்லை.

அப்போதுதான் என் கொழுந்தியாள் செங்கமலம் பதிவகத்துக்கு வந்தாள். கடைமடையில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இறந்து நாலு வருடம் ஆகிறது. ஒற்றை ஆளாக இரண்டு ஏக்கர் சாகுபடி செய்கிறாள். குட்டையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி நாற்றங்கால் வளர்த்து வைத்திருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் பறித்து நட வேண்டியதுதான்.

"நாத்துக்கு இன்னிக்கு இருவத்திநாலு நாள் ஆச்சு மச்சான். இன்னும் பத்து நாள் தாங்கும். அதுக்கு மேல கணு விட்டுடும், நட்டாலும் பிரயோசனமில்ல. மனு குடுக்கப் போனேன். சீட்டப் பாத்துட்டு மனுவக் கிழிச்சுப் போட்டுட்டானுவோ."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான், முத்து முத்தாக இருந்தது. வலத்தோள் என்று எழுதியிருந்தது.

"நீ மூடுபவர்தானே கமலம்? அப்புறம் எப்படி மனுவை வாங்குவார்கள்?"

"நானா? நான் எடது தோள்லல்ல போட்டுக்கிட்டு நின்னேன்."

"இருபத்திரண்டு வருடம் ஆகிறது. உனக்கு மறந்திருக்கும்."

"எப்புடி மறக்கும்? அன்னிக்கு வலது தோள்ல ஒரு கட்டி. துண்டு பட்டாலே உசுரு போவுது. அதனாலதான் எடதுல போட்டேன். இதோ இந்த எடத்துலதான் நின்னேன். நீங்க அந்த மேசைக்கிட்ட ஒக்காந்திருந்தீங்க." துண்டை எடுத்து இடது தோளில் போட்டுக்கொண்டு எனக்கு எதிரே நின்று காட்டினாள்.

நான் அவளைப் பார்த்தேன். துண்டு என் வலது கைப் பக்கம் தெரிந்தது.

எல்லாம் ஒரே சமயத்தில் எனக்குள் ஓடியது. எனக்கு முன்பு கணக்கராக இருந்தவர் பாய் போட்டு உட்கார்ந்து, வருகிறவரைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு எழுதுவார். இருவரும் ஒரே திசையைப் பார்த்திருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்ததும் அது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. அதிகாரி என்றால் மேசை வேண்டாமா? மூன்று மனு எழுதி ஒரு மேசை வாங்கினேன். மக்களை மேசைக்கு அந்தப் பக்கம், எனக்கு எதிரே நிறுத்தினேன். எதிரே நிற்கிறவரின் இடது தோள் எனக்கு வலது பக்கம். அதை வலது என்று எழுதினேன். முப்பது வருடம் அப்படியே எழுதினேன். மெய்யறிவார் கண்டுபிடித்த தலைமுறைச் சித்தாந்தப் பிளவு, நான் மேசை வாங்கிய நாளில் ஆரம்பித்திருக்கிறது.

"என்ன மச்சான், மூஞ்சி வெளுத்துப் போச்சு?"

"ஒன்றுமில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ."

பார்த்துக்கொள்கிறேன் என்பதற்கு அரசாங்க மொழியில் எதுவும் செய்யப்போவதில்லை என்று அர்த்தம். அவள் என்னை உறவுக்காரன் என்று நினைத்து நம்பிப் போனாள். பதிவேட்டில் பிழை செய்தவனுக்கு என்ன தண்டனை என்று சட்டப் புத்தகத்தில் தேடினேன். பென்ஷன் போகும், கோட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் உட்கார வேண்டும். எனக்கு ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் இருந்தது. நாற்றுக்குப் பத்து நாள்தான் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கவே எனக்கு ஒன்பது நாள் ஆனது. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுப்பேன். பல் விளக்கி முடிப்பதற்குள் அந்த முடிவு மறுபரிசீலனைக்குப் போய்விடும். பத்தாம் நாள், என் மனைவி, "தங்கச்சி நாற்று மஞ்சளடிக்கிறதாம்" என்று சொல்லிவிட்டு, சோற்றைப் போட்டபடியே அழுதாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நேரே மகாசபைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முதலில் வாயைத் திறந்தவர் மெய்யறிவார்.

"கணக்கர் சொல்வது சாத்தியமில்லை. என் நூல் அச்சாகிவிட்டது."

மகாமந்திரி அவரைக் கையமர்த்தினார். "பதிவேடு தவறென்றால் அரசு தவறு. அரசு தவறென்று அரசே சொல்ல முடியாது. மக்களைக் கேட்போம். பிழை நேர்ந்திருந்தால் அவர்கள் உணர்ந்திருப்பார்களே?"

விசாரணை வைத்தார்கள். கடைமடையிலிருந்து வலத்தோள் சீட்டுக்காரர்கள் நூறு பேரை அழைத்து வரிசையாக நிறுத்தினார்கள். நூறு பேர் தோளிலும் துண்டு வலது பக்கம் கிடந்தது. எனக்கு அதுதான் விளங்கவில்லை. பதிவின்போது இடதில் போட்டவர்கள்தானே இவர்கள்?

முதலில் நின்ற விவசாயியைக் கேட்டேன். "ஐயா, பதிவன்று நீங்கள் எந்தத் தோளில் போட்டீர்கள்?"

"எடதுலதாங்க."

"இப்போது ஏன் வலதில் கிடக்கிறது?"

"வூட்டுக்குப் போயி சீட்டப் படிச்சுப் பாத்தேன், வலதுன்னு இருந்துச்சு. சர்க்காரு தப்பா எழுதுமாங்க? நாமதான் தெரியாம மாத்திப் போட்டுக்கிட்டு நின்னிருக்கோம்னு அன்னிக்கே சரி பண்ணிக்கிட்டேன்."

"சரி, உங்களுக்கு மதகு திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா?"

"தெறக்கணுங்க. பயிரு காயுதே."

"அப்படியென்றால் நீங்கள் திறப்பவர்தானே?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்னங்க இப்புடிப் பேசுறீங்க? நாங்க பரம்பரையா மூடுறவங்க. எம்மவளையே மூடுற வூட்லதான் குடுத்திருக்கேன்."

வலத்தோளர் சங்கத் தலைவர் மாசிலாமணி முன்னால் வந்தார். பட்டுத் துண்டு போட்டிருந்தார். "பதிவேட்டைத் திருத்தினால் எங்கள் சங்கத்தில் இருபத்தாறாயிரம் பேர் ஒரே நாளில் கொள்கை இல்லாதவர்களாக ஆகிவிடுவார்கள். எங்களுக்கென்று கொடி இருக்கிறது, பாட்டு இருக்கிறது. இருபது வருடமாக இடத்தோளர்களை வெறுத்துவருகிறோம். அதையெல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுவது? கணக்கர் பதில் சொல்லட்டும்."

தண்ணீர் வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொண்டே, தண்ணீர் வேண்டாம் என்கிற பெயரை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெயரை வைத்தவனே நான்தான் என்பது அந்தக் கோபத்தை நெடுநேரம் நிற்கவிடவில்லை.

சபை மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. பதிவேட்டில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம், பொருளை மட்டும் மாற்றிவிடலாம். இன்றுமுதல் வலது தோள் என்றால் திறப்பவர், இடது தோள் என்றால் மூடுபவர். இந்த ஏற்பாட்டில் அரசு தவறு செய்யவில்லை, பண்டிதர் தவறு செய்யவில்லை, பெரும்பான்மை திறப்பவர் ஆகிவிட்டது, மதகையும் திறக்கலாம். எனக்குப் பென்ஷனும் போகவில்லை, ஒரு வருடச் சுவர் தண்டனையைக்கூட ரத்து செய்தார்கள். நான் குதித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, "நாளைக்குத் தண்ணீர் வந்துவிடும், கெடு தாண்டினாலும் நாற்றில் பாதியாவது தேறும், கமலத்துக்குச் சொல்லி அனுப்பு" என்றேன்.

அன்று சாயங்காலமே மாசிலாமணி சங்கத்தைக் கூட்டிவிட்டார். "நாம் மூடுபவர்கள். நம்மைத் திறப்பவர் என்று அழைப்பது நம் முன்னோரை இழிவு செய்வது" என்று முழங்கினார். இருபத்தாறாயிரம் பேரும் ஒரே சமயத்தில் துண்டை வலத்தோளிலிருந்து எடுத்து இடத்தோளில் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்த பழைய இடத்தோளர்கள், அவர்களோடு ஒரே பக்கம் இருப்பதா என்று தங்கள் துண்டை வலத்தோளுக்கு மாற்றினார்கள். மறுநாள் காலையில் பண்டிதர் வீதியில் நின்று எண்ணிப் பார்த்தார். நாட்டில் மூன்றில் இரண்டு பேர் மூடுபவர்கள் என்று சபைக்கு அறிக்கை வந்தது. மதகு மூடியே கிடந்தது.

நான் கடைமடைக்குப் போனேன். நாற்றங்காலுக்குள் செங்கமலம் நாலு மாடுகளை ஓட்டிவிட்டிருந்தாள். கணு விட்ட நாற்றை அவை சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன. குட்டைக்கும் வயலுக்கும் நடுவில் அவள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை வெள்ளையாகத் தெரிந்தது.

"வாங்க மச்சான். மாட்டுக்காவது ஆவட்டும்னு வுட்டுட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்பது நாள் கதையை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தைரியமில்லை, அவ்வளவுதான்.

பதிவேட்டுக்கும் வீதிக்கும் சம்பந்தமில்லாமல் போனதால், பதிவேட்டை எண்ணி ஆட்சி நடத்துவது முடியாது என்றாகி, சபை கலைந்தது. பழையபடி தேர்தல் வைத்தார்கள். மதகைத் திறப்பேன் என்று சத்தியம் செய்து ஓட்டுக் கேட்டது முறம் கட்சி. மூடியதன் பெருமையைச் சொல்லி ஓட்டுக் கேட்டது உரல். தண்ணீர் வேண்டுமென்றால் முறத்துக்குக் குத்த வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் புரிகிற அளவுக்கு விஷயம் தெளிவாக இருந்தது. மேய்ந்து முடித்த நாற்றங்கால் என் கண்ணிலேயே நின்றது. ஒரே ஒருமுறை, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, முறத்துக்குக் குத்துவது என்று தீர்மானம் செய்துகொண்டுதான் சாவடிக்குப் போனேன்.

வாசலில் வீரகேசரியார் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து, "என்ன கணக்கரே, பிழையாகவே எழுதினாலும் உம்ம கையெழுத்து மாதிரி வருமா?" என்றார்.

உள்ளே போய் உரலுக்குக் குத்தினேன்.

உரல் கட்சி ஜெயித்தது. போன தடவையைவிடப் பதினோரு ஓட்டுதான் குறைவு. கடைமடையில் ஒன்றுகூடக் குறையவில்லை. மூடும் கொள்கைக்கு மக்கள் மீண்டும் ஒப்புதல் தந்துவிட்டார்கள் என்று மெய்யறிவார் தன் நூலின் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதினார். ஐப்பசியில் பெருமழை பிடித்து ஏரி தளும்பியது. கரை உடைந்துவிடும் என்ற நிலையில் மதகைத் திறந்துவிட்டார்கள். நடவு இல்லாத கடைமடை வயல்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. திறந்துவைத்ததற்காக மகாமந்திரிக்குக் கடைமடைக்காரர்களே மாலை போட்டார்கள்.

அரித்துப்போன கரையைச் செப்பனிட மண் சுமக்கும் வேலை ஆரம்பமானது. வேலைக்கு வருகிறவர்கள் புதிதாகத் தோள் பதிவு செய்துகொண்டு வர வேண்டும் என்று ஆணை. பதிவகத்தில் கூட்டம் சேர்ந்தது. எனக்கு ஓய்வு பெற ஒரு மாதம் இருந்தது. இந்தத் தடவை பிழை வரக்கூடாது என்று மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வருகிறவர்களுக்குப் பக்கத்திலேயே, அவர்கள் பார்க்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது நாள் வரிசையில் செங்கமலம் வந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். இடது தோளிலும் துண்டு இல்லை, வலது தோளிலும் இல்லை.

"துண்டு எங்கே கமலம்? எந்தத் தோள் என்று எழுதுவது?"

"தோள்ல எங்க மச்சான் இருக்கு? தலையிலல்ல இருக்கு." துண்டை வட்டமாகச் சுருட்டிச் சும்மாடாக வைத்திருந்தாள். "மண்ணுக்கூடைய வெறுந்தலையில வச்சா குத்துது."

பதிவேட்டில் இரண்டு பத்திகள்தான் உண்டு. தலைக்கு இடமில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெடுநாளாக மனதில் இருந்த ஒன்றைக் கேட்டுவிட்டேன்.

"உன் நாற்றைக் காயவிட்டவர்கள் உரல்காரர்கள்தானே?"

"ஆமா."

"தேர்தலில் யாருக்குப் போட்டாய்?"

"உரலுக்குத்தான்."

"ஏன் கமலம்?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு செத்தன்னிக்கு அடை மழை. வாய்க்கா மேல பாலம் முங்கிப்போச்சு. சொந்தபந்தம் ஒருத்தரும் வந்து சேரல. நீங்களும் மக்காநாளுதான் வந்தீங்க. பாடையத் தூக்க மூணு பேருதான் இருந்தாங்க. சன்னாசி அண்ணன் கழுத்தளவு தண்ணியில நீந்தி வந்து நாலாவது தோளு குடுத்தாரு. அவரு துண்டு எந்தப் பக்கம் கெடந்துச்சுன்னு நான் பாக்கல மச்சான்."

நான் மறுநாள் போன காரணம் எனக்கு ஞாபகமிருந்தது. பதிவகத்தில் வருடக் கடைசிக் கணக்கு இருந்தது.

"நீங்க யாருக்குப் போட்டீங்க?" என்று அவள் கேட்டாள்.

"உரலுக்குத்தான்."

"ஏன்?"

முப்பது வருடம் நாட்டு மக்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட நான், மை வருகிறதா என்று பேனாவை உதறிப் பார்த்தேன். பின்னால் வரிசை முனகியது. கரையிலிருந்து மேஸ்திரியின் விசில் கேட்டது.

"சீக்கிரம் எதையாச்சும் எழுதுங்க மச்சான். லேட்டா போனா வேலையில்லன்னு அனுப்பிடுவாரு."

பழைய சீட்டில் என்ன இருந்ததோ அதையே எழுதினேன். எழுத்து முத்து முத்தாகத்தான் வந்தது.